கூரைக்காசு கேட்டவர்கள் கட்டிய மருத்துவமனை

சத்தீஸ்கர் மாநிலம் பாலோத் மாவட்டத்தில் தல்லி ராஜ்ஹரா என்றொரு சுரங்க ஊர் இருக்கிறது. பிலாய் உருக்காலைக்கான இரும்புத் தாது அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஊர் மலைகளிலிருந்துதான் போனது. பிலாயில் உருட்டப்படும் தண்டவாளம் நாடு முழுவதும் போகிறது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறுகிறவரின் காலடியிலும் அந்த மலையின் ஒரு துண்டு கிடக்கக்கூடும்.

அந்த ஊரில் ஒரு மருத்துவமனை. பெயர் ‘ஷஹீத் அஸ்பதால்’. தமிழில் தியாகிகள் மருத்துவமனை எனலாம். அரசு கட்டியதில்லை, ஆலை நிர்வாகம் கட்டியதில்லை, எந்த அறக்கட்டளையும் கட்டியதில்லை. பாறை உடைத்த ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள் தங்கள் காசில், தங்கள் கையால் கட்டியது. திறந்த நாள் 1983 ஜூன் 3. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள் இல்லை அது. ஆறு வருடங்களுக்கு முன்பு, 1977 ஜூன் 2, 3 ஆகிய இரு நாட்களில் போலீஸ் சுட்டதில் செத்துப்போன பதினோரு பேரின் நினைவு நாள்.

சுரங்கத்தில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு என்றால் நாளிதழ்களில் இரண்டு நாள் செய்தி வரும். மூன்றாம் நாள் விசாரணை அறிவிப்பு. அதோடு சரி. சுடப்பட்டவர்களின் தெருவில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுத யாரும் மெனக்கெடுவதில்லை. தல்லி ராஜ்ஹராவில் நடந்தது அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட கதை. அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. வயிறு எரியவும் நிறைய இருக்கிறது.

ஒரே பாறை, இரண்டு கூலி

அந்த மலைகளில் இரண்டு வகைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆலையின் பதிவேட்டில் பெயர் உள்ள நிரந்தரத் தொழிலாளர்கள் ஒரு வகை. அவர்களுக்குக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, விடுப்பு, வருங்கால வைப்பு நிதி எல்லாம் உண்டு. இன்னொரு வகையினர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். சம்மட்டியால் பாறையை உடைத்து, தாதுவைப் பொறுக்கி, கூடையில் சுமந்து லாரியில் கொட்டும் வேலை அவர்களுடையது. பெரும்பாலும் ஜோடியாகவே வேலை. ஆண் உடைப்பார், பெண் சுமப்பார். இருட்டும் வரை உழைத்தாலும் நாளுக்குக் கிடைத்தது மூன்று, நான்கு ரூபாய். சுரங்கத்தைச் சுற்றி மண் சுவர் எழுப்பி, மூங்கில் கட்டி, தாங்களே போட்டுக்கொண்ட குடிசைகளில் இருந்தார்கள்.

இவர்கள் யார்? சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வந்த கோண்டு, ஹல்பா ஆதிவாசிகள், சத்நாமிகள், நிலம் போதாத பிற்படுத்தப்பட்ட சாதி விவசாயிகள். சத்நாமிகளைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோல் தொழிலைக் காரணம் காட்டித் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட மக்கள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குரு காசிதாஸைப் பின்பற்றி, ஊர் வைத்த பெயரை உதறிவிட்டு ‘சத்நாமி’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சத்தீஸ்கரின் பட்டியல் சாதியினரில் பெரிய பிரிவு அவர்கள்தான்.

பொதுத்துறை ஆலை என்பதால் நிரந்தர வேலையில் இடஒதுக்கீடு சட்டப்படி உண்டு. ஒப்பந்ததாரரின் ஆள் கணக்கில் இடஒதுக்கீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே தலித்தும் ஆதிவாசியும் ஒதுக்கீடு இல்லாமலேயே நிரம்பியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டம் 1970லேயே வந்துவிட்டது. ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. தாது எடுப்பதைவிட ஆண்டு முழுவதும் நடக்கிற வேலை ஓர் உருக்காலைக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் முறை தொடர்ந்தது. சாதியை எங்கே தேடுவது என்று தெரியாமல் திண்டாடும் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட இடங்களின் இரண்டு வருகைப் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1977 தொடக்கத்தில் போனஸ் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் நிர்வாகத்துடன் உட்கார்ந்து பேசி முடித்தன. நிரந்தரத் தொழிலாளிக்கு 308 ரூபாய், ஒப்பந்தத் தொழிலாளிக்கு 70 ரூபாய். கையெழுத்திட்ட சங்கங்கள் இரண்டில் ஒன்று காங்கிரஸ் சார்பு, மற்றது இடதுசாரி. அதைக் குறிப்பிடாமல் போனால் கணக்கு முழுமையாகாது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் இரண்டு சங்கங்களையும் விட்டு வெளியே வந்தார்கள். லால் மைதான் என்ற திடலில் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை.

யாரைக் கூப்பிடலாம் என்று அவர்களே யோசித்து, நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் சிறை சென்று வெளியே வந்திருந்த சங்கர் குஹா நியோகியைத் தேடிப் போனார்கள். வங்காளி. இயற்பெயர் தீரேஷ். பிலாய் ஆலையில் வேலை பார்த்து, தொழிற்சங்க வேலைக்காக நீக்கப்பட்டவர். பிறகு தானிடோலா குவார்ட்சைட் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். உடன் வேலை பார்த்த ஆதிவாசிப் பெண் ஆஷாவைத் திருமணம் செய்துகொண்டவர். சத்தீஸ்கர் மைன்ஸ் ஷ்ரமிக் சங்கம் அப்படித்தான் உருவானது.

ஜூன் 2 இரவு

புதிய சங்கத்தின் முதல் கோரிக்கைகள் இரண்டு. நிர்வாகத்தால் வேலை கொடுக்க முடியாத நாட்களுக்குப் பாதிக் கூலி. மழைக்காலத்துக்கு முன் குடிசையைச் சரிசெய்ய, மூங்கிலும் கம்பும் வாங்க, ஆளுக்கு நூறு ரூபாய். நம் ஊரில் கூரை வேய்கிற செலவு என்று சொல்வோமே, அதேதான். மே மாதக் கடைசியில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஜூன் பிறந்ததும் ஒப்பந்ததாரர்கள் கூரைக்காசு தர மறுத்தார்கள். மீண்டும் வேலைநிறுத்தம்.

ஜூன் 2 இரவு போலீஸ் ஜீப்புகள் சங்கக் குடிசைக்கு வந்தன. நியோகியை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் கிளம்பிவிட்டது. மற்ற போலீஸாரைத் தொழிலாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் ஆளைக் கொண்டு வந்து விட்டால் உங்களை விடுகிறோம் என்பதுதான் அவர்கள் சொன்னது. போலீஸ் சுட்டது. ஏழு பேர் விழுந்தார்கள். அதில் அனுசுயா பாய் என்ற பெண் ஒருவர், சுதாமா என்ற சிறுவன் ஒருவன். சுட்ட பிறகும் கூட்டம் கலையவில்லை, முற்றுகையும் விலகவில்லை. மறுநாள் கூடுதல் போலீஸ் படை வந்து மீண்டும் சுட்டது. மேலும் நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சிக்கியிருந்த போலீஸாரை அவர்களால் மீட்டுக்கொண்டு போக முடிந்தது.

நெருக்கடி நிலை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டெல்லியில் ஜனநாயகத்தை மீட்டவர்கள் என்று சொல்லிக்கொண்ட புதிய ஆட்சி. மத்தியப் பிரதேசத்தில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. ஆட்சி மாற்றம் சங்கக் குடிசை வரைக்கும் வந்து சேரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வேலைநிறுத்தம் உடையவில்லை. மொத்தம் பதினெட்டு நாள் நீடித்தது. கடைசியில் நிர்வாகமும் ஒப்பந்ததாரர்களும் இறங்கி வந்தார்கள். கூரைக்காசு கிடைத்தது. நூறு ரூபாய்க்கும் பாதிக் கூலிக்கும் பதினோரு உயிர் என்று அன்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. சாவு நடந்த வீடுகளில் அந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

மீதிப் பதினாறு மணி நேரம்

அடுத்தடுத்த ஆண்டுகளில் கூலி பல மடங்கு உயர்ந்தது. கூலி உயர்ந்ததும் சாராயக் கடையில் வியாபாரமும் உயர்ந்தது. இது நமக்குத் தெரியாத கதை இல்லை. உயிர் கொடுத்துப் பெற்ற காசு சாராயக்காரனிடம் போகிறது என்று முதலில் கொதித்தவர்கள் பெண்கள். அவர்களும் பாறை சுமந்தவர்கள், அவர்கள் சொல்லுக்குச் சங்கத்தில் எடை இருந்தது. சங்கம் மதுவிலக்கு இயக்கத்தைக் கையில் எடுத்தது. குடித்துவிட்டு வருபவரைச் சங்கக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் குடியை விட்டார்கள். சாராய வியாபாரிகளின் பகை அப்போதே தொடங்கிவிட்டது.

தொழிலாளியின் வேலை நேரமான எட்டு மணிக்கு மட்டும் சங்கம் பொறுப்பு என்று இருந்துவிட முடியாது, மீதிப் பதினாறு மணி நேரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது நியோகியின் எண்ணம். ‘போராட்டமும் நிர்மாணமும்’ என்று இதைச் சுருக்கமாகச் சொன்னார்கள். கல்வி, சுகாதாரம், விளையாட்டு, பண்பாடு, சேமிப்பு, சட்டம் என்று பதினேழு துறைகள் சங்கத்தில் உருவாயின. பள்ளிகள் தொடங்கினார்கள். 1850களின் பஞ்சத்தில் தானியக் கிடங்கைத் திறந்து மக்களுக்குக் கொடுத்ததற்காகப் பிடிக்கப்பட்டு, 1857 டிசம்பரில் ராய்ப்பூரில் பிரிட்டிஷாரால் கொல்லப்பட்டவர் சோனாகானின் ஆதிவாசித் தலைவர் வீர் நாராயண் சிங். அவருடைய நினைவு நாளை முதலில் பெரிய அளவில் கொண்டாடத் தொடங்கியது இந்தச் சங்கம்தான். இன்று அவர் பெயரில் அரசு விழா நடக்கிறது, விளையாட்டரங்கம் இருக்கிறது. தூசி தட்டி எடுத்தவர்கள் பாறை உடைக்கும் கூலிகள் என்பது விழா மேடைகளில் சொல்லப்படுவதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். ஆலை நிர்வாகம் தல்லி சுரங்கத்தை முழுமையாக இயந்திரமயமாக்கத் திட்டம் போட்டது. கைவேலைக்காரர்கள் போவார்கள், அதில் முதலில் போவது பெண்கள். சங்கம் வெறுமனே எதிர்க்கவில்லை. எந்த வேலைக்கு இயந்திரம், எந்த வேலைக்குக் கை என்று பிரித்து, செலவுக் கணக்கு போட்டு, பாதி இயந்திரமயம் என்ற மாற்றுத் திட்டத்தை மேசையில் வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த சங்கம் பொறியாளர்களிடம் கணக்கு பேசியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை அந்தத் தடுப்பு நின்றது.

குசும் பாயின் பிரசவம்

மருத்துவமனைக் கதைக்கு வருவோம். குசும் பாய் சங்கத்தின் துணைத் தலைவர், சுரங்கத் தொழிலாளி. பிரசவத்தின்போது உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனார். ஊரில் ஆலையின் ஆஸ்பத்திரி இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதன் வாசல் எப்படித் திறக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி முன்னால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டார்கள். கல் வீசவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. இனி எந்தத் தாயும் இப்படிச் சாகக் கூடாது, நாமே ஒரு பிரசவ மருத்துவமனை கட்டுவோம் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்கள்.

முதலில் 1981ல் துப்புரவு இயக்கம். பிறகு 1982 ஜனவரி 26 அன்று சங்கத்தின் வாகனக் கொட்டகையில் சிறிய மருந்தகம். பினாயக் சென், ஆஷிஷ் குண்டு போன்ற இளம் மருத்துவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பின்னால் சைபால் ஜானா, புண்யவ்ரத குண் ஆகியோரும் வந்தார்கள். தொழிலாளர்கள் தங்கள் படிகளிலிருந்து கொடுத்த காசில் செங்கல்லும் சிமெண்டும் வாங்கினார்கள். வேலை முடிந்து வந்து தாங்களே சுவர் எழுப்பினார்கள். 1983 ஜூன் 3 அன்று பதினைந்து படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தது. திறந்து வைக்க அமைச்சரைக் கூப்பிடவில்லை. சுரங்கத்தின் மூத்த தொழிலாளி ஒருவரும் முதிய விவசாயி ஒருவரும் திறந்து வைத்தார்கள்.

பெரிய நிறுவனங்களின் நன்கொடையும் வெளிநாட்டு நிதியும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நோயாளி கொடுக்கும் சிறு கட்டணமும் தொழிலாளர்களின் பங்களிப்பும்தான் வருமானம். பாறை உடைத்தவர்களே கட்டுக் கட்டவும், மருந்து கொடுக்கவும், அறுவை அறையில் உதவவும் பழகினார்கள். ரத்தம் வேண்டுமென்றால் சுரங்கத்துக்கு ஆள் போகும், தொழிலாளர்கள் வரிசையில் வந்து கை நீட்டுவார்கள். தேவையில்லாத ஊசி, தேவையில்லாத டானிக்குகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் தயாரிப்பது எப்படி என்று சிறு புத்தகம் போட்டார்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்புகிற மக்களிடம், ஊசி போட்டால் கூடுதலாகக் காசு வாங்கலாம் என்கிற நிலையில், ஊசி வேண்டாம் என்று ஒரு மருத்துவமனை சொன்னது.

தீண்டாமை பற்றி எழுதும்போது நாம் டீக்கடையையும் கோயிலையும் எழுதுகிறோம். ஆஸ்பத்திரியை எழுதுவது குறைவு. நாடி பார்க்கத் தயங்கும் விரல், பிரசவ வலியில் கத்துகிற பெண்ணைத் திட்டும் வாய், கடைசியில் கூப்பிடப்படும் டோக்கன் எல்லாமே தீண்டாமையின் கணக்கில் சேர வேண்டியவை. தல்லி ராஜ்ஹராவில் சத்நாமி தொழிலாளியும் கோண்டு தொழிலாளியும் கட்டிய ஆஸ்பத்திரிக்கு மற்ற சாதிக்காரர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். யாரும் அதற்காகத் தனியாகப் பிரசாரம் செய்யவில்லை. வைத்தியம் நன்றாக இருந்தது, கட்டணம் குறைவாக இருந்தது.

தலித் வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். நியோகி வெளியூர்க்காரர், படித்தவர். மருத்துவர்களும் பெரும்பாலும் வங்கத்திலிருந்து வந்தவர்கள். அடித்தட்டு மக்களின் இயக்கத்துக்கு ஏன் எப்போதும் மேலேயிருந்து ஒரு தலைவர்? நியாயமான கேள்விதான். தொழிலாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள், அவர் இவர்களைத் தேடி வரவில்லை என்பது ஒரு பதில். சங்கத்தின் ஆதிவாசித் தலைவர் ஜனக்லால் தாக்கூர் 1985லும் 1993லும் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது இன்னொரு பதில். ஆனாலும் நியோகிக்குப் பிறகு இயக்கம் பிளவுபட்டது, இயந்திரமயத்தை ஏற்பதா என்ற விஷயத்தில் உள்ளுக்குள்ளேயே மோதல் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கேள்வி அப்படியே இருக்கட்டும்.

ஜன்னல் வழியே ஒரு தோட்டா

1990ல் சங்கம் மலையிலிருந்து இறங்கி பிலாய் தொழிற்பேட்டைக்கு வந்தது. அங்கே தனியார் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் குறைந்த கூலியில் வேலை செய்தார்கள். வாழ்வதற்குப் போதுமான கூலி, வேலை நிரந்தரம், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவை கோரிக்கைகள். தல்லி ராஜ்ஹராவில் எதிரே இருந்தது பொதுத்துறை. பிலாயில் எதிரே இருந்தவர்கள் தனி முதலாளிகள். தாக்குதல்கள் தொடர்ந்தன. தன் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று நியோகி டைரியில் எழுதினார், ஒலிநாடாவிலும் பதிவு செய்துவைத்தார். 1991 செப்டம்பரில் தொழிலாளர்களுடன் டெல்லி சென்று குடியரசுத் தலைவரிடம் மனு கொடுத்தார். அப்போது குடியரசுத் தலைவர் நம் ஊர் ஆர்.வெங்கட்ராமன்.

அதே மாதம் 28ஆம் தேதி விடிவதற்கு முன், பிலாயில் தங்கியிருந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நியோகியை ஜன்னல் வழியே சுட்டுக் கொன்றார்கள். வயது 48.

வழக்கை சிபிஐ விசாரித்தது. 1997ல் துர்க் அமர்வு நீதிமன்றம், சுட்டதாகச் சொல்லப்பட்ட பல்டன் மல்லாவுக்கு மரண தண்டனையும், தொழிலதிபர்கள் இருவர் உள்ளிட்ட ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 1998ல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பல்டன் மல்லாவுக்கு மட்டும் ஆயுள் தண்டனை கொடுத்தது, மற்றவர்களின் விடுதலையை உறுதி செய்தது. சட்டப்படி வழக்கு முடிந்துவிட்டது. கூலிக்குச் சுடுகிறவன் தன் சொந்தப் பகையில் சுட்டானா என்ற கேள்விக்குத் தீர்ப்பில் பதில் கிடைக்கவில்லை என்பதே தொழிலாளர்களின் மனக்குறை.

1992 ஜூலை 1. நியோகி கொலைக்குப் பிறகும் கோரிக்கைகள் அப்படியே கிடந்தன. பிலாய் பவர்ஹவுஸ் ரயில் நிலையத்தில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் சுட்டதில் பதினாறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்றைய மோதலில் ஒரு போலீஸ் அதிகாரியும் உயிரிழந்தார். அவர்கள் தோண்டிய தாதுவில் வார்த்த தண்டவாளத்தின் மேலேயே அவர்கள் ரத்தம் ஓடியது.

மருத்துவரும் வழக்கறிஞரும்

வேலைநிறுத்தத்தின் பின்விளைவு கணித ஆசிரியர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் என்று 1977ல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சுதா பரத்வாஜ் அமெரிக்காவில் பிறந்தவர். கான்பூர் ஐஐடியில் கணிதம் படித்தவர். அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டு 1986ல் தல்லி ராஜ்ஹராவுக்கு வந்து தொழிலாளர்களின் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தார். சங்கத்தின் வழக்குகளுக்கு வழக்கறிஞர் வைத்துக் கட்டுப்படியாகாமல், நீயே படித்துவிடு என்று தொழிலாளர்கள் சொன்னதால் நாற்பது வயதில் வழக்கறிஞர் ஆனார். நிலம் பறிகொடுத்த ஆதிவாசிகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றத்தில் வாதாடினார்.

2018 ஆகஸ்டில் அவர் கைது செய்யப்பட்டது எந்த வழக்கில் என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். பீமா கோரேகான். மகர் வீரர்கள் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற 1818ஆம் ஆண்டுப் போரின் இருநூறாவது ஆண்டு நினைவு நாளில் கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த வழக்கு, அந்த இடத்திலேயே இல்லாத எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள் மேல் பாய்ந்தது. சுதா பரத்வாஜ் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்து 2021 டிசம்பரில் ஜாமீனில் வந்தார். தன் ஊரான சத்தீஸ்கருக்குத் திரும்ப முடியாதபடி, மும்பையை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பினாயக் சென் 2007 மே மாதம் கைதானார். 2010ல் தேசத்துரோக வழக்கில் ஆயுள் தண்டனை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. மருத்துவமனையை விட்டு நகராமல் பல பத்தாண்டுகள் அங்கேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சைபால் ஜானாவை 2016 மார்ச்சில் வந்து கைது செய்தார்கள். வழக்கு 1992ஆம் ஆண்டு ரயில் மறியல் வழக்கு. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் தெரிந்த இடத்தில், தினமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் போலீஸ் பதிவில் தலைமறைவுக் குற்றவாளி.

வற்றிய மலை

ராஜ்ஹராவில் தாது குறைந்துகொண்டே வருகிறது. தொண்ணூறுகளில் இயந்திரங்கள் மேலும் வந்தன. சம்மட்டியும் கூடையுமாக இருந்த ஜோடிகள் மலையிலிருந்து மறைந்தார்கள். எதிர்பார்த்தபடியே, முதலில் மறைந்தவர்கள் பெண்கள். பழைய தொழிலாளர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள் அல்லது இறந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் மீண்டும் ஏதோ ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலை பார்க்கிறார்கள். இரும்பு தேடி ஆலையின் கண் இப்போது தெற்கே ராவ்காட் மலைகள் மேல் இருக்கிறது. அதற்காகத் தல்லி ராஜ்ஹராவிலிருந்து ராவ்காட் நோக்கிப் புதிய ரயில் பாதை போடப்படுகிறது. அந்தப் பாதையின் ஓரங்களில் ஆதிவாசி கிராமங்கள், துணை ராணுவ முகாம்கள்.

மருத்துவமனை மட்டும் பெரிதாகியிருக்கிறது. பதினைந்து படுக்கைகளுடன் தொடங்கியது, நூறைத் தாண்டிவிட்டது. பாலோத்தைத் தாண்டி, பஸ்தர் எல்லைக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். காசநோய், சத்துக்குறைவு, மலேரியா, பிரசவம். சங்கத்தின் சந்தா பழையபடி இல்லை. சம்பளம் குறைவான அந்த ஊருக்கு வர இளம் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். கட்டணத்தை உயர்த்தினால் வருகிற மக்கள் நின்றுவிடுவார்கள். நன்கொடை வாங்குவதில்லை என்ற பழைய முடிவை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பது நிஜமான கவலை.

ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 3 அன்று தல்லி ராஜ்ஹராவில் சிவப்பு பச்சைக் கொடிகளோடு ஊர்வலம் போகிறார்கள். சிவப்பு தொழிலாளிக்கு, பச்சை விவசாயிக்கு. 1977ல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று அதில் நடந்தால் ஐம்பதை நெருங்கியவர்களாக இருப்பார்கள். சுதாமா உயிரோடு இருந்திருந்தால் அறுபதை ஒட்டிய வயது இருக்கும், மூட்டு வலிக்கு மருந்து வாங்க அதே மருத்துவமனையின் வரிசையில் நின்றிருப்பான்.